கறுப்பு மை மட்டும் போட்டால் கறுப்பு வெள்ளைப் படம் வந்துவிடுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

தென்மாவட்டக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகியின் அப்பா, அதே ஊரில் பல ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவர். கடையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. நெகட்டிவ்கள் மட்டும் உறை போட்டு, தேதி எழுதி, தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. வரும் தை மாதம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் முப்பதைத் தேர்ந்தெடுத்து, ஏ4 அளவில் அச்சிட்டு, பிரேம் போட்டு மண்டபத்தில் வைக்க வேண்டும், விழா முடிந்ததும் அவற்றை உறவினர்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது மகளின் ஆசை.

ஸ்கேன் வேலை முடிந்துவிட்டது. வீட்டில் ஆறு மை ஊற்றும் டேங்க் பிரிண்டர் இருக்கிறது. ஆனால் முதல் பிரிண்ட் டியூப்லைட்டில் பச்சையாகவும், ஜன்னலோரம் கொண்டுபோனால் இலேசான ரோஸ் நிறமாகவும் தெரிந்திருக்கிறது. "பாசி பிடித்த மாதிரி இருக்கிறதே அம்மா" என்று அப்பாவே சொல்லிவிட்டாராம். 'கிரேஸ்கேல்' என்று மாற்றியதும் பச்சை போனது. முகங்களில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் வந்தன. திரையில் நன்றாகத் தெரிந்த படம் தாளில் இருட்டாகவும் வந்தது. 'பிளெயின் பேப்பர்' என்று தேர்ந்தெடுத்தால் கறுப்பு மை மட்டும் இறங்கும் என்று ஒரு காணொளியில் சொன்னதை நம்பிச் செய்தார். கிளாசி தாளில் மை தேங்கி, விரல் பட்டதும் ஒட்டிக்கொண்டது. மை விற்ற கடைக்காரர், இந்தப் பிரிண்டர் இதற்கு உதவாது, பத்து மை பிரிண்டர் வாங்குங்கள் என்கிறார். தம்பி, லேபில் கொடுத்துவிடு, அங்கேதான் அசல் கறுப்பு வெள்ளை கிடைக்கும் என்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை: கறுப்பு மையை மட்டும் வைத்து அச்சிடச் சரியான வழி என்ன? புதுப் பிரிண்டர் வாங்கத்தான் வேண்டுமா? அப்பா அந்தக் காலத்தில் போட்ட பிரிண்ட்கள் பழுப்பேறியிருக்கின்றன. அதைத் தவிர்த்துச் சுத்தமான சாம்பல் நிறத்தில் கொண்டுவர முடியுமா? அச்சிட்டவை எத்தனை காலம் நிற்கும்?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அதில் வண்ண மை கலக்கக் கூடாது, கலந்ததால்தான் பச்சை வந்தது என்று நினைக்கிறீர்கள். காணொளிக்காரரும் அதைத்தான் உறுதிப்படுத்தியிருக்கிறார். அந்த நம்பிக்கை தவறு. உங்கள் பிரிண்டரில் நல்ல கறுப்பு வெள்ளைப் படம் வர வேண்டுமானால் வண்ண மைகள் கட்டாயம் வேண்டும்.

உங்கள் டேங்குகளில் இருப்பவை கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள், வெளிர் சயான், வெளிர் மெஜந்தா. சாம்பல் நிற மை என்று ஒன்று அதில் கிடையாது. வெயில் விழுந்த ஒரு கன்னத்தை அச்சிட வேண்டும் என்று வையுங்கள். அது மிக வெளிர்ந்த சாம்பல். கறுப்பு மையை மட்டும் கொண்டு அதைக் காட்ட வேண்டுமானால் வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகளை எட்டி எட்டி வைப்பதைத் தவிர பிரிண்டருக்கு வேறு வழி இல்லை. நீங்கள் முகத்தில் பார்த்த புள்ளிகள் அவைதான். வண்ண மைகளையும் அனுமதித்தால் வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும் கொஞ்சம் மஞ்சளும் நெருக்கமாக விழுந்து அந்த இடைவெளியை நிரப்பும். கன்னம் வழுவழுப்பாக வரும். இன்னொன்று, கறுப்பு மையும் மெல்லியதாகப் பரவும்போது தூய சாம்பலாக இருப்பதில்லை. அதற்கும் ஒரு சாயல் உண்டு.

உங்கள் அப்பாவிடம் நெகட்டிவ் பார்க்கும் லென்ஸ் ஒன்று நிச்சயம் இருக்கும். அதை வாங்கி உங்கள் இரண்டு பிரிண்ட்களிலும் ஒரே முகத்தை வைத்துப் பாருங்கள். பச்சையாக வந்ததில் நீலமும் ரோஸும் மஞ்சளுமாகப் பொடிப் புள்ளிகள் தெரியும். கிரேஸ்கேலில் வந்ததில் கறுப்புப் புள்ளிகளும் நடுவே வெறும் தாளும் தெரியும். கிரேஸ்கேல் என்று தேர்ந்தெடுத்தாலும் எல்லா நேரமும் கறுப்பு மட்டும் இறங்கும் என்பதில்லை. தாள் வகையையும் தரத்தையும் பொறுத்து அங்கும் பிரிண்டர் வண்ண மைகளைக் கலக்கலாம். அதனால் பட்டியலில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதைவிட லென்ஸில் என்ன தெரிகிறது என்பதையே நம்புங்கள்.

பச்சை எங்கிருந்து வருகிறது?

செட்டிங்கில் கைவைக்கும் முன் ஒரு 'நாசில் செக்' (மை இறங்கும் நுண்துளைகளைச் சோதிக்கும் அச்சு) எடுங்கள். சாதாரணத் தாளே போதும். ஆறு நிறக் கோடுகளும் எங்கும் அறுபடாமல் வர வேண்டும். கலர் படத்தில் ஒரு மை கொஞ்சம் குறைந்தால் பலருக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் அங்கே சாம்பல் என்பதே மூன்று நிறங்களின் சமநிலை. வெளிர் மெஜந்தா அடைத்திருந்தால் படம் பச்சைக்குச் சாயும். வெளிர் சயான் அடைத்திருந்தால் சிவப்புக்குச் சாயும். கோடு அறுந்திருந்தால் ஒருமுறை ஹெட் கிளீனிங் கொடுத்து மறுபடி பாருங்கள். பலன் இல்லையென்றால் உடனே திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள், மை வீணாகும். பிரிண்டரைச் சில மணி நேரம் சும்மா விட்டு, பிறகு ஒருமுறை முயலுங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் இருந்த பிரிண்டர் என்றால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம்.

கோடுகள் முழுமையாக இருந்தும் பச்சை இருந்தால், அது எந்த வெளிச்சத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கு பார்த்தாலும் பச்சை என்றால் காரணம் மையிலோ தாளிலோ செட்டிங்கிலோ இருக்கிறது, அதைத் திருத்தலாம். வெளிச்சத்துக்கு ஏற்ப மாறினால் அது வேறு சங்கதி. நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகை. தொழிலில் இதை மெட்டாமெரிசம் என்போம். டியூப்லைட்டும் பகல் வெளிச்சமும் நம் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தோன்றினாலும் அவற்றில் அடங்கிய நிறங்களின் விகிதம் வேறு. பல மைகளைக் கலந்து உண்டாக்கிய சாம்பல் ஒரு விளக்கில் சமநிலையில் நிற்கும், இன்னொன்றில் சரியும். சாம்பல் மை இல்லாத பிரிண்டரில் இதை முழுவதும் ஒழிக்க முடியாது. உறுத்தாத அளவுக்குக் குறைக்க முடியும், அதற்கான வழி கீழே வருகிறது.

அச்சான உடனே நிறத்தைத் தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். உங்களுடையது சாய மை, அதாவது நிறம் திரவத்தில் கரைந்திருக்கும் மை. ஈரம் முழுவதும் போகும்வரை சாயல் நகர்ந்துகொண்டே இருக்கும், அதிலும் கடற்கரைக் காற்றில் மெதுவாகத்தான் உலரும். மறுநாள் காலையில் பாருங்கள்.

தாள் வகையைப் பிரிண்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள்

'மீடியா டைப்' என்ற பட்டியல் வெறும் பெயர்ப்பட்டியல் அல்ல. எவ்வளவு மை இறக்குவது, எந்தெந்த மையை எந்த விகிதத்தில் கலப்பது, துளியை எவ்வளவு நுண்ணியதாக விடுவது என்ற முடிவுகள் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கின்றன. பிளெயின் பேப்பர் என்பது மையை உறிஞ்சும் சாதாரணத் தாளுக்கான கணக்கு. கிளாசி தாளில் மேல்பூச்சுதான் மையைப் பிடித்து வைக்கிறது. அந்தக் கணக்கை இந்தத் தாளில் போட்டதால்தான் மை தேங்கியது. அதில் பிரிண்டரின் குற்றம் எதுவும் இல்லை. இந்தக் 'குறுக்கு வழி' காணொளிகள் எத்தனை பாக்கெட் போட்டோ பேப்பரைக் குப்பைக்கு அனுப்பியிருக்கும் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நீங்கள் வாங்கியிருப்பது வேறு நிறுவனத்தின் கிளாசி தாள் என்பதால் உங்கள் பட்டியலில் அதே பெயர் இருக்காது. நெருக்கமான இரண்டு மூன்று கிளாசி பெயர்களில் ஒரே சிறு படத்தை அச்சிட்டு, எதில் கறுப்பு ஆழமாகவும் மை தேங்காமலும் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தரம் 'ஹை' என்று இருக்கட்டும். 'ஹை ஸ்பீட்' அல்லது 'பைடைரக்ஷனல்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். ஹெட் இரு திசையிலும் ஓடி அச்சிடும்போது வானம், சுவர், ஸ்டூடியோ திரை போன்ற வெற்றிடங்களில் மெல்லிய பட்டைகள் விழ வாய்ப்பு உண்டு. 'பார்டர்லெஸ்' வேண்டாம். அதில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடும். உங்கள் அப்பா பார்த்துப் பார்த்து வைத்த ஓரம் அது. எப்படியும் பிரேமுக்குள் போகப்போகிறது, நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் இருப்பதே வசதி.

கிளாசியா மேட்டா என்ற குழப்பமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கையில் வைத்துப் பார்க்கும்போது கிளாசியில் கறுப்பு ஆழம் அதிகம், மேட்டில் அது கொஞ்சம் கரிச்சாம்பலாகவே நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டால் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். ஏற்கெனவே கிளாசி வாங்கிவிட்டீர்கள் என்பதால் அதிலேயே செய்யுங்கள். முப்பது படத்துக்கும் சோதனைகளுக்கும் சேர்த்து ஒரே வகைத் தாளை ஒரே சமயத்தில் வாங்கிவிடுங்கள்.

நிறத்தைக் கவனிக்க ஒருவர் போதும்

உங்கள் படத் திருத்த மென்பொருளும் நிறத்தைத் திருத்துகிறது, கணினியில் பிரிண்டரை இயக்கும் டிரைவரும் அதன் மேல் இன்னொரு முறை திருத்துகிறது. வீட்டுப் பிரிண்ட்கள் கெட்டுப்போவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான். இரண்டில் ஒன்றை வாய்மூட வைக்க வேண்டும். தாளுக்கென்று தயாரித்த ஐசிசி புரொஃபைல் கையில் இருந்தால் மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும்; டிரைவரில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' போடலாம். உங்களுக்கு அந்த வழி ஒத்துவராது. கறுப்பு டேங்கில் வேறு நிறுவனத்தின் மை ஊற்றியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புரொஃபைல் என்பது குறிப்பிட்ட மை, குறிப்பிட்ட தாள் இரண்டையும் அளந்து போட்ட கணக்கு. மை மாறினால் கணக்கும் மாறும்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: மென்பொருளில் 'பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்' என்று விடுங்கள். டிரைவரில் 'கலர்' என்றே இருக்கட்டும், கிரேஸ்கேல் வேண்டாம். படத்தை அழகுபடுத்துவதாகச் சொல்லும் தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். இந்தப் பெயர்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். இதன் பிறகு டிரைவரைத் தொடவே கூடாது. இனி எந்தத் திருத்தமானாலும் படக் கோப்பில்தான். ஸ்கேன் கிரேஸ்கேல் கோப்பாக இருந்தால் அதை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்கள் கொண்ட கோப்பு) ஆக்கிக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளே இதற்குப் போதும்.

அப்பாவின் பழுப்பு நிறம்

பழைய பிரிண்ட்களில் இருக்கும் பழுப்பு எல்லாமே பழசானதால் வந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தப் பிரிண்ட்டின் வெள்ளை ஓரத்தைப் பாருங்கள். ஓரமும் மஞ்சளாகி, வெளிச்சமான பகுதிகளும் மங்கியிருந்தால் அது காலத்தின் வேலை. படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போ சரியாகக் கழுவப்படாமல் தங்கியதும் காரணமாக இருக்கலாம். ஓரம் வெண்மையாகவே இருந்து, நிழல்களிலும் தலைமுடியிலும் மட்டும் கதகதப்பான பழுப்பு இருந்தால் அது உங்கள் அப்பா தேர்ந்தெடுத்த நிறம். புரோமைடு தாள்கள் நடுநிலைச் சாம்பலாக வரும். குளோரோபுரோமைடு தாள்கள் பழுப்புச் சாயலில் வரும். ஆட்களைப் படம்பிடிக்கும் ஸ்டூடியோக்காரர்கள் பலருக்கு அதன் மேல் பிரியம் அதிகம். உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' தாள்கள் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் புழங்கிய காலம் அது. எந்தத் தாள் வாங்கினார், ஏன் வாங்கினார் என்று அவரிடமே கேளுங்கள். மகள் இப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவும்கூடும்.

இந்தப் பழுப்பைத் தேடிப்போகச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. தூய சாம்பலில் துளி பச்சை கலந்தாலும் கண் உடனே கண்டுபிடிக்கும். படமே கொஞ்சம் கதகதப்பாக இருந்தால், விளக்குக்கு விளக்கு சாயல் நகர்ந்தாலும் பழுப்பில் ஒரு நிழல் கூடியது, குறைந்தது என்றுதான் தோன்றும். மெட்டாமெரிசம் போய்விடாது, உறுத்தல் போய்விடும். ஆறு மை பிரிண்டரில் பனிக்கட்டி போன்ற நடுநிலைச் சாம்பலைப் பிடிக்கிறேன் என்று மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அளவை ஊகிக்க வேண்டாம், ஒரே தாளில் தெரிந்துகொள்ளலாம். பெரிய முகம் உள்ள ஒரு படத்திலிருந்து 6 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டை எடுத்து, ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது முறை அடுக்குங்கள். ஒளி, நிற அளவுகளை ஒரு கோட்டை வளைத்து மாற்றும் 'கர்வ்ஸ்' கருவியில், 0 முதல் 255 வரையிலான கணக்கில், பச்சைச் சேனலின் நடுப்புள்ளியை இடமிருந்து வலமாக 128, 124, 120 என்று இறக்குங்கள். அது மெஜந்தாவைக் கூட்டும், பச்சையைக் கொல்லும். நீலச் சேனலின் நடுப்புள்ளியை மேலிருந்து கீழாக 128, 122, 116 என்று இறக்குங்கள். அது மஞ்சளைக் கூட்டும். ஒவ்வொன்றின் கீழும் அதன் எண்களை எழுதி அச்சிடுங்கள். மறுநாள் அந்தத் தாளை டியூப்லைட்டின் கீழ், ஜன்னலோரம், மஞ்சள் எல்இடி விளக்கின் கீழ் என்று மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பிரமாதமாக இருப்பதை எடுக்காதீர்கள். மூன்று இடத்திலும் மோசமாகத் தெரியாத ஒன்றை எடுங்கள், ஏனென்றால் இந்தப் படங்கள் மண்டபத்தில் ஒருநாள்தான் இருக்கப்போகின்றன, பிறகு பல வீட்டுச் சுவர்களுக்குப் போகின்றன. தேர்ந்தெடுத்த எண்களை முப்பது படத்துக்கும் அப்படியே போடுங்கள். படத்துக்குப் படம் மாற்றினால் வரிசையாக வைக்கும்போது ஒன்றுக்கொன்று ஒட்டாது.

இருட்டாக வருகிறது என்பதற்கு

திரையில் நன்றாகத் தெரிந்தது தாளில் இருண்டு போவதற்கு முக்கால்வாசி நேரம் திரைதான் காரணம். லேப்டாப் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைத்திருப்பீர்கள். வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திரையில் திறந்து, அதன் பக்கத்தில் அச்சிடாத போட்டோ தாள் ஒன்றை அறை விளக்கில் பிடித்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தோன்றும்வரை திரையைக் குறையுங்கள். படம் திரையிலும் இருட்டாகத் தெரியத் தொடங்கும். இனி அங்கேயே திருத்தலாம்.

அடுத்து, முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 21 படிகள் கொண்ட ஒரு சாம்பல் பட்டையை அச்சிடுங்கள். கறுப்பு முனையில் முதல் மூன்று நான்கு படிகள் ஒன்றாக அப்பிக்கொண்டால், உங்கள் படங்களில் கறுப்புக் கோட்டின் மடிப்பும் பின்னலின் இழையும் அங்கேதான் மறைந்துபோயிருக்கின்றன. கர்வ்ஸில் 0 இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். 20 இருக்கும் புள்ளியை 30 பக்கம் தூக்குங்கள். பட்டையை மறுபடி அச்சிட்டுப் படிகள் பிரிகின்றனவா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் அப்பாவை உட்காரவைக்கலாம். இருட்டறையில் டெஸ்ட் ஸ்ட்ரிப் (வெளிச்ச அளவைச் சோதிக்கும் துண்டுத்தாள்) பார்த்தே வாழ்ந்தவர் அவர். எந்தப் படி பிரிகிறது, எந்த முகத்துக்கு இன்னும் வெளிச்சம் வேண்டும் என்பதை நம்மைவிட வேகமாகச் சொல்வார். நிறச் சாயலை மட்டும் நீங்களும் வீட்டிலுள்ள இளையவர்களும் முடிவு செய்யுங்கள். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடும்; நீலத்தையும் மஞ்சளையும் நிதானிப்பது எண்பது வயதில் கடினம். அவரிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. அங்குலத்துக்கு 9600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கை நிரப்பியிருக்கிறீர்கள். 120 ரோல் பிலிம் நெகட்டிவில் 6×6 செ.மீ. சட்டத்தை 2400-இல் ஸ்கேன் செய்தாலே ஒரு பக்கத்துக்கு 5000 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். ஏ4 தாளின் நீளப்பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 வீதம் 3500 இருந்தால் தாராளம். பிரிண்டர் பெட்டியில் போட்டிருக்கும் 5760 என்ற எண் மைத்துளிகளின் கணக்கு, உங்கள் கோப்புக்கு அதனோடு தொடர்பு இல்லை. 'ஷார்ப்பனிங்'கை மிதமாக வையுங்கள். அந்தக் காலத்தில் நெகட்டிவின் மேலேயே கூர்மையான பென்சிலால் ரீடச்சிங் செய்வார்கள். அதிகம் கூர்மையாக்கினால் நெற்றியிலும் கண்ணுக்குக் கீழும் அந்தப் பென்சில் கீறல்கள் துலக்கமாக வெளியே வரும். வந்தால் ஷார்ப்பனிங்கைக் குறையுங்கள், கீறல்களை அழிக்காதீர்கள். அதுவும் அப்பாவின் கைவேலைதான்.

புதுப் பிரிண்டரா, லேபா?

கடைக்காரர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. சாம்பல் மை உள்ள பிரிண்டரில் கறுப்பு வெள்ளை நன்றாக வரும். எப்சன் எல்8180, கேனன் ஜி570 போன்றவற்றில் ஒரு சாம்பல் மை உண்டு. கேனன் புரோ-200-இல் சாம்பல், வெளிர்சாம்பல் என்று இரண்டு. எப்சன் பி700, பி900, கேனன் புரோ-300 ஆகியவை பத்து மை கொண்ட நிறமி மை (நிறம் கரையாமல் நுண்துகள்களாக இருக்கும் மை) பிரிண்டர்கள். எப்சனின் தொழில்முறை மாடல்களில் 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்' என்று தனி முறையே இருக்கிறது. அதில் பெரும்பங்கு வேலையைக் கறுப்பும் சாம்பல்களும் செய்கின்றன, வண்ண மை சாயலைச் சரிக்கட்டுவதற்கு மட்டும் கொஞ்சமாக இறங்கும். விளக்கு மாறினால் நிறம் மாறும் தொல்லையும் அங்கே வெகுவாகக் குறைவு.

ஆனால் முப்பது படத்துக்காக அதை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பிரிண்டர் அடிக்கடி ஓட வேண்டும். விழா முடிந்து ஓரமாக மூடி வைத்தால் நாசில் அடைக்கும்; அதைச் சுத்தம் செய்யவே விலையுயர்ந்த மை போகும். நெகட்டிவ் பெட்டி முழுவதையும் வரும் ஆண்டுகளில் அச்சிடப் போகிறேன் என்ற எண்ணம் இருந்தால் மட்டும், விழாவுக்குப் பிறகு நிதானமாக யோசியுங்கள்.

லேப் விஷயத்தில் உங்கள் தம்பியின் நம்பிக்கையையும் கொஞ்சம் அசைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கலர் லேப்களில் கறுப்பு வெள்ளைப் படமும் கலர் பேப்பரில்தான் விழுகிறது. அந்தத் தாளிலும் சயான், மெஜந்தா, மஞ்சள் சாயங்களே சேர்ந்து சாம்பலை உண்டாக்குகின்றன. லேபிலிருந்து பச்சையாகத் திரும்பிவந்த பிரிண்ட்கள் எத்தனையோ உண்டு. நிறமி மை பிரிண்டர் வைத்திருக்கும் அச்சகத்தைத் தேடி, கறுப்பு வெள்ளைக்கென்று தனி முறையில் அச்சிடுவீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் ஒரே ஒரு படத்தைக் கொடுத்து, அதை உங்கள் வீட்டு டியூப்லைட்டில் பார்த்த பிறகு மீதியைப் பேசுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். உறவினர்களுக்குக் கொடுக்காமல் அப்பாவின் சுவரில் நிரந்தரமாகத் தொங்கவிட நான்கைந்து படங்களை ஒதுக்கி, அவற்றை நிறமி மையில் வெளியே கொடுப்பேன். மற்றவற்றை வீட்டிலேயே அச்சிடுவேன். சாய மை பிரிண்ட் கண்ணாடியில்லாமல் வெளிக்காற்றில் இருந்தால் சீக்கிரம் மங்கும். பிரேமுக்குள்ளோ ஆல்பத்துக்குள்ளோ, நேர் வெயில் படாமல் இருந்தால் நன்றாகவே தாங்கும். இத்தனை ஆண்டு என்று எண் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். உங்கள் ஊர்க் காற்றும் வெயிலும் அந்த எண்ணில் சேர்ந்திருக்காது.

மையைப் பற்றி: ஏற்கெனவே கலந்த மையை வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள். இருப்பதை வைத்தே மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, முப்பதும் முடியும்வரை எந்த டேங்கிலும் வேறு மை ஊற்றாமல் இருங்கள். நடுவில் ஊற்ற நேர்ந்தால் ஒன்பது கட்டச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். வேறு நிறுவன மையால் பழுது வந்தால் வாரண்டி மறுக்கப்படலாம், அட்டையில் உள்ள நிபந்தனையைப் படித்துவிடுங்கள். அசல் மை என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். பில்லும் காலி பாட்டிலும் இருந்தால் முதலில் அவரிடமே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பில் இல்லையென்றால் அலைச்சல்தான் மிஞ்சும், விழா நேரத்தில் அது வேண்டாம்.

பிரேமுக்குப் போகும் முன்

தாளை எந்தப் பக்கம் வைப்பது என்று சந்தேகம் வந்தால் ஈர விரலால் ஒரு மூலையை அழுத்துங்கள், ஒட்டுகிற பக்கம்தான் பூச்சுள்ள பக்கம். அச்சிட்டதும் பரப்பி உலரவிட்டு, சில மணி நேரம் கழித்து ஒவ்வொன்றின் மேலும் சாதாரண வெள்ளைத் தாள் வைத்து அடுக்குங்கள். மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஒருநாளாவது போகாமல் பிரேம் போடாதீர்கள், அவசரப்பட்டால் கண்ணாடியின் உட்புறம் மூட்டம் கட்டும். மழைநாள் என்றால் இரண்டு நாள். பிரேம்காரரிடம் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்ட் போர்டு அட்டை வைத்துப் போடச் சொல்லுங்கள். படம் நேராகக் கண்ணாடியைத் தொட்டால் உங்கள் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கிழிக்காமல் எடுக்க முடியாது.

நெகட்டிவ் உறையில் அப்பா எழுதியிருக்கும் தேதியையும் எண்ணையும் ஒவ்வொரு பிரேமின் பின்பலகையிலும் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். தாளின் பின்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தழும்பாகத் தெரியும். கோப்புகளையும் கர்வ்ஸ் எண்களையும் தாள் பெயரையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். எந்த உறவினராவது படம் மங்கிவிட்டது என்று போன் செய்தால், பின்பலகையில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லி, புதிதாக ஒன்றை அச்சிட்டு அனுப்பிவிடலாம்.